பக்கத்து வீட்டுத் தும்மல்

மாத்திரை போட்டுக்கொண்டுதான் அவன் அந்த வீட்டுக்குப் போனான். தும்மலை அடக்குகிற மாத்திரை. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் கண்ணீரைத்தான் அடக்கப் பார்ப்பார்கள்; இவனுக்கு மூக்கு அடங்கிக் கிடந்தால் போதும் என்றிருந்தது. போனோமா, செத்துப்போன சிநேகிதியின் படத்துக்கு முன்னால் நின்றோமா, பெற்றவர்களிடம் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னோமா, கிளம்பினோமா என்று முடித்துவிட வேண்டும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதையே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான்.

கதவு திறந்தது. கூடம் முழுக்கத் துணி. வெள்ளை ஒரு அடுக்கு, நீலம் ஒரு அடுக்கு என்று வெட்டி வைத்திருந்தது. ஜன்னலோரத் தையல் மிஷினைச் சுற்றித் தரையெல்லாம் நறுக்குத் துணி. வெயில் விழுந்த இடத்தில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டிருந்தது. அம்மா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர் என்று அவள் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறாள். துணி இருக்கும் இடத்தில் தூசியும் இருக்கும் என்பது இந்தப் புத்திசாலிக்கு உறைக்கவில்லை. வெளிநாட்டுக்குப் போய் மேல்படிப்புப் படித்த லட்சணம்.

"வாங்க தம்பி, உள்ள வாங்க. அவகூடப் படிச்சவர்தானே? உங்ககூடப் படிக்கற அந்தப் பொண்ணு போன்ல சொல்லுச்சு, நீங்க வருவீங்கன்னு," என்றார் அம்மா. நாற்காலியில் கிடந்த துணிக்கட்டைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு, முந்தானையால் நாற்காலியைத் தட்டினார். கிளம்பிய தூசி நேரே அவன் முகத்துக்கு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

எதிரே சாய்வு நாற்காலியில் அப்பா இருந்தார். மின்சார ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்தவனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் மகளுடைய படம். படத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாய் மூடி அவன் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். யாரோ ஒரு பெண்ணின் படத்தை மாற்றி மாட்டிவிட்டார்களோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

காப்பி வந்தது. அம்மா மிஷினுக்கு முன்னால் இருந்த முக்காலியில் அவனைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தம்பி மனசு ஆறல. வியாதி வந்துச்சு, போயிட்டா. அது யார் கையில இருக்கு? ஆனா ரெண்டு வருஷம் அவ அங்க எப்படி இருந்தா? ஞாயித்துக்கிழமை தவறாம வீடியோல பார்ப்பேன். அவ முகம், பின்னாடி ஒரு வெள்ளைச் சுவரு. அவ்வளவுதான். ஒரு ஆள் நடமாட்டம் இருக்காது. ஒரு பாத்திரம் உருள்ற சத்தம் கேக்காது. இங்க இருந்தப்போ மிஷின் சத்தத்தையும் மீறிப் பேசுவா. வீட்ல யாரும் இல்லைன்னா கேஸ் சிலிண்டர் கொண்டுவர்றவர நிறுத்தி வச்சுப் பேசுவா. அப்படிப்பட்டவள அந்தச் சுவத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் உட்கார வச்சுட்டோம். காய்ச்சல்ல கிடந்தப்போ ஒரு வாய் தண்ணி வேணும்னா யாரைக் கேட்டிருப்பா?"

அவன் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவர்தான் சொன்னார், பொம்பளைங்க மட்டும் இருக்கற இடமா, தனி ரூமா இருந்தா போ, இல்லைன்னா இங்கயே படின்னு. அவளும் தலையாட்டிட்டுப் போனா."

அம்மா குரலை உயர்த்தவில்லை. சண்டையெல்லாம் போட்டு ஓய்ந்துபோன குரல் அது. இதை அப்பா தினம் தினம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"அப்படியெல்லாம் இல்லம்மா. நல்லாத்தான் இருந்தா. லைப்ரரில பார்ப்போம். எல்லார்கிட்டயும் பேசிக்கிட்டு இருப்பா," என்றான்.

"லைப்ரரில பேச விடுவாங்களா தம்பி?" என்று கேட்டார் அம்மா.

அந்த அம்மாவின் மனசை அவனால் ஒரே நிமிஷத்தில் ஆற்றிவிட முடியும். அதுதான் கொடுமை. உங்கள் மகள் ஒரு நாள்கூடத் தனியாக இருக்கவில்லை, எங்கள் நாலு பேரோடு ஒரே வீட்டில்தான் இருந்தாள் என்று சொன்னால் போதும். ஆனால் அந்த நாலு பேரில் மூன்று பேர் ஆண்பிள்ளைகள். சாய்வு நாற்காலியில் இருக்கும் மனிதர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? செத்துப்போன மகளை இன்னொரு தரம் பறிகொடுத்த மாதிரி ஆகிவிடாதா? கிளம்புவதற்கு முன்னால் அங்கே அந்த நாலு பேருக்குள்ளும் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. "அவ மறைச்சு வச்சதைத் தொறக்க நாம யாரு? அவங்கப்பா எதாவது தப்பா நினைச்சா, அவ எழுந்து வந்து பதில் சொல்லுவாளா?" என்றான் ஒருவன். "பெத்தவ பாவம், சொல்லித்தான் ஆகணும்," என்றாள் மற்றவள். கடைசியில், முதலில் ஊருக்குப் போகிறவன் நீதான், அங்கே போய்ப் பார்த்து உனக்குத் தோன்றியதைச் செய் என்று இவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

அது ஒரு மாடி வீடு. ஏறினால் முனகும் குறுகிய மரப்படி, மூன்று அறை, ஒரு கூடம், ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே குளியலறை. ஐந்து பேரும் வெவ்வேறு ஊர், வெவ்வேறு படிப்பு. தமிழ் பேசுகிறார்கள் என்பதைத் தவிர ஒருவருக்கொருவர் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. வாடகையைப் பங்கு போட ஆள் தேடிச் சேர்ந்த கூட்டம். அவள்தான் எல்லாருக்கும் பெயர் வைத்தாள். கட்டிட வேலை படித்தவன் மேஸ்திரி. அடுத்தவன் செய்யும் வேலையை இடுப்பில் கை வைத்து மேற்பார்வை பார்ப்பானே தவிர, ஒரு தட்டைத் தானாகக் கழுவ மாட்டான். மருந்து பற்றிப் படித்த பெண் டாக்டர்; தலைவலியா, கால்வலியா, காதல் தோல்வியா, எதுவானாலும் வெந்நீர் குடி என்பாள். கடைக்குட்டி பூனை, யார் பால் வாங்கி வைத்தாலும் காலி. இவர்கள் எல்லாரும் சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ.

காலையில் அந்த ரேடியோதான் வீட்டை எழுப்பும். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே குளிப்பவனுக்குத் தான் கண்ட கனவைச் சொல்லும். மேஸ்திரி பல் தேய்த்தபடியே "ம்" கொட்டுவான். கொட்டாவிட்டால் கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும். சாயங்காலம் அவள் ஒரு சலவைக் கூடத்தில் ஹோட்டல் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவன் அதற்கு அடுத்த தெருவில் ஒரு கிடங்கில் அட்டைப் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். நின்று நின்று கால் கடுக்கும். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். அவள் மட்டும் அலுக்காமல், பஸ்ஸில் இருக்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் தமிழில் வர்ணனை சொல்லிக்கொண்டு வருவாள். இவர் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறார், அந்த அம்மா பையில் இருப்பது திருட்டு முட்டைக்கோஸ் என்று இஷ்டத்துக்கு. ஒரு நாள், தொப்பி போட்ட ஒரு பெரியவரை அவள் தலை முதல் கால் வரை வர்ணித்து முடித்ததும், அவர் தன் நிறுத்தத்தில் எழுந்து, "வரட்டுமா கண்ணு?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வீடு வந்து சேரும் வரை அவள் பேசவில்லை. அவள் வாயடைத்துப் போய் அவன் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டில் ஆட்டம் காணாத நாற்காலி ஒன்றே ஒன்று. யாரோ வேண்டாமென்று தெருவில் போட்டுவிட்டுப் போனதை மேஸ்திரியும் இவனும் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். கை வைத்த மர நாற்காலி. அன்றைக்கு யார் சமையலோ அவருக்குத்தான் அது சிம்மாசனம். மற்றவர்கள் கூடத்து ஹீட்டரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து, ஒரே கம்பளியை ஆளுக்கொரு மூலை இழுத்துக் காலில் போட்டுக்கொண்டு படிப்பார்கள். கரிந்த சோறு, அதைவிடக் கரிந்த சண்டை, யார் போர்வையை இழுத்தது என்ற பஞ்சாயத்து. அப்போது அதெல்லாம் பெரிய கஷ்டமாகத் தெரிந்தது. எப்போது படிப்பு முடியும், எப்போது இந்தக் கும்பலை விட்டுத் தொலைவோம் என்று அவன் ஏங்கியிருக்கிறான்.

அந்தக் கூடத்தில்தான் ஊர்ச் சுவர் இருந்தது. சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அங்கேதான். பார்க்கும்படி சுத்தமாக இருந்ததும் அந்த ஒரு சுவர்தான். ஆகவே எல்லாரும் அதன் முன்னால் நின்றுதான் ஊருக்குப் பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் மறைக்க ஏதாவது இருந்தது. மேஸ்திரி சிகரெட்டை விட்டுவிட்டதாக அவன் வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். பூனை ஓட்டலில் பாத்திரம் தேய்ப்பது அவன் அப்பாவுக்குத் தெரியாது. ஊருக்குச் சொன்ன கணக்கில் டாக்டரும் ரேடியோவும் பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் ஆளுக்கொரு தனி அறையில் இருந்தார்கள். அதனால் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. எந்தச் சட்டத்தை மீறினாலும் மன்னிப்பு உண்டு, இதற்கு மட்டும் கிடையாது. ஒருவர் ஊர்ச் சுவரில் நின்றுவிட்டால் மற்றவர்கள் சிலை.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோவின் முறை. இங்கே சாயங்காலம், அங்கே மத்தியானம், சமையல் மும்முரமாக நடக்கும் நேரம். அவள் "அம்மா" என்றதும் அடுப்பு அணையும். கரண்டி எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே நிற்கும். வாயில் போட்டதை மெல்லாமல் வைத்திருப்பார்கள். தலையில் சோப்போடு குளியலறைக்குள் மாட்டிக்கொண்ட பூனை, குழாயைத் திறக்கப் பயந்து அவள் பேசி முடிக்கும் வரை குளிரில் நின்ற கதையும் உண்டு. போனை வைத்த மறு விநாடி, அடக்கி வைத்த சத்தமெல்லாம் ஒன்றாகக் கிளம்பும். ஓடு பிய்த்துக்கொண்டு போகும்.

முதல் மாசத்திலேயே சட்டத்தை மீறியது இவன்தான். வேண்டுமென்று செய்யவில்லை. இவனுக்குத் தூசி ஆகாது. கூடத்தில் விரித்திருந்த ஜமக்காளமோ தூசிக் களஞ்சியம். தும்மல் இவனுக்கு மூன்றாகத்தான் வரும். முதல் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். முடிந்தது என்று பார்க்கிறவர்கள் நினைக்கிற நேரத்தில் மூன்றாவது, கதவை உதைத்துத் திறந்த மாதிரி வரும்.

"யாரும்மா அது?" என்றது போன்.

அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பக்கத்து வீட்டுத் தாத்தாம்மா. சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கார். பாவம், எப்பவும் சளி," என்றாள்.

அன்றோடு இவன் பெயர் தாத்தா. அதற்கப்புறமும் பல ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று தும்மலும் போனுக்குக் கேட்டன. அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த அம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "தாத்தாவுக்குச் சளி எப்படி இருக்கு?" என்று கேட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. தாத்தாவுக்கு மூட்டு வலி வந்தது. கண்ணில் புரை வந்தது. பிள்ளைகள் தூரத்தில் இருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஐந்து பேரும் உட்கார்ந்து தாத்தாவின் வாழ்க்கை வரலாற்றை விஸ்தரித்தார்கள். ஒரு வாரம் மேஸ்திரியின் யோசனைப்படி தாத்தாவுக்கு மனைவி இறந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது என்று சொல்லப்போக, அம்மா போனிலேயே அழுதுவிட்டார். அதன்பிறகு அவரைச் சாகடிக்கவும் வழியில்லாமல் போயிற்று. கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் படிக்க வந்த யாரோ ஒருவரிடம் ஒரு பொட்டலம் வந்தது. தாத்தாவுக்கு ஒரு மஃப்ளர். வெளியே பழுப்புக் கம்பளி, உள்ளே கழுத்தில் படும் பக்கம் இளநீலப் பருத்தித் துணி வைத்து இரட்டையாகத் தைத்திருந்தது. வயசானவர், கம்பளி அரிக்கும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அந்த நீலத் துணி அவளுடைய பழைய பள்ளிக்கூடச் சட்டை. பொட்டலத்தைப் பிரித்ததும் அவள் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு இவன் கழுத்தில் சுற்றிவிட்டு, "படிப்பு முடிஞ்சதும் உன்ன எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இதோ உன் தாத்தான்னு அம்மா முன்னாடி நிறுத்தறேன். அப்பா கத்துவார், கத்தட்டும். அம்மா சிரிச்சுடுவா," என்றாள்.

அந்த மஃப்ளர் இப்போது அவன் மடியில் இருந்த பைக்குள் இருந்தது. பையின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் தம்பி," என்றார் அம்மா. "அவ ரூமுக்குப் பக்கத்து வீட்ல ஒரு தாத்தா இருந்தார். உங்களுக்குத் தெரியுமா?"

அவன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

"அவருக்கு ஒருத்தரும் கிடையாது. இவதான் அப்பப்போ பார்த்துக்குவா. ஆத்திர அவசரத்துக்கு அவர் கதவைத் தட்டுடின்னு சொல்லி வச்சிருந்தேன். தட்டினாளோ என்னவோ. அவருக்குக் காது கேட்டுச்சோ இல்லையோ. அத விடுங்க. இவ போயிட்டாங்கறத அவருக்கு யாராவது சொன்னாங்களா? ஏன் இந்தப் பொண்ணு வரலைன்னு அவர் வாசலப் பார்த்துக்கிட்டே இருப்பாரே, அத நினைச்சாத்தான்..."

முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அழுகிற ஆளுக்கு முன்னால் அவன் ஏதாவது பேசியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் மூக்கும் திறந்துவிடும் போலிருந்தது. "நான் கிளம்பறேன்மா," என்று எழுந்தான். ஓடிவிட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

"இருங்க, அவ சாமானெல்லாம் அப்படியே வச்சிருக்கேன். எதாவது ஒண்ணு நீங்க எடுத்துட்டுப் போகணும்," என்று சொல்லி அம்மா சுவரோரமாக இருந்த பீரோவைத் திறந்தார். மாசக்கணக்காகத் திறக்காத பீரோ. மடித்து வைத்த அவளுடைய துணிகளைக் கொத்தாக எடுத்து உதறினார்.

மாத்திரையாவது, மண்ணாங்கட்டியாவது.

முதல் தும்மலும் இரண்டாவதும் ஒட்டிக்கொண்டு வந்தன. "அடடா, தூசி. தண்ணி குடுக்கட்டுமா?" என்று அப்பா முதல் முறையாகப் பேசினார். அம்மா கையை உயர்த்தி அவரை அடக்கினார். கையில் மகளுடைய சட்டையோடு அசையாமல் நின்றார். அவர் கண் அவன் முகத்தில் நிலைத்திருந்தது. எதற்காகவோ காத்திருந்தார்.

அவன் உயிரைக் கொடுத்து அடக்கிப் பார்த்தான். மூன்றாவது வந்தே விட்டது.

அம்மா மெல்லக் கேட்டார். "தாத்தாவா?"

அவன் பையைத் திறந்து மஃப்ளரை எடுத்தான். அம்மா அதை வாங்கி, மறுபக்கம் திருப்பி, நீலத் துணியில் தன் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"பக்கத்து வீடே கிடையாதும்மா," என்றான். "ஒரே வீடு. அஞ்சு பேரு. நாங்க மூணு பேர் பசங்க. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு, அவ பேசறப்போ யாரும் மூச்சுகூட விட மாட்டோம். அதனாலதான் சத்தம் கேக்கல. மத்த நேரமெல்லாம் அந்த வீட்ல சத்தம் தாங்காது. சத்தம் போடறதே அவதான். அவ பேரே ரேடியோ."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். பஸ், தொப்பிக்காரர், குளியலறைக் கனவு, கம்பளிச் சண்டை, நாற்காலி. ஒழுங்கில்லாமல், முன்னே பின்னே, நினைவு வந்தபடி சொன்னான். அம்மா குறுக்கே பேசவில்லை. பூனை சோப்போடு நின்ற இடத்தில் அவர் உதடு கொஞ்சம் நெளிந்தது.

"காய்ச்சல் வந்தப்போ?" என்றார்.

"அன்னிக்குக் காலையில வீடு அமைதியா இருந்துச்சும்மா. ரேடியோ ஏன் பாடலன்னு மேஸ்திரி கேட்டான். அப்பவே கதவைத் தட்டினோம். கழுத்தைத் தூக்க முடியல அவளால. படி குறுகல், அதனால அந்த நாற்காலில உட்கார வச்சுத் தூக்கிக் கீழ கொண்டுவந்தோம். ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஆஸ்பத்திரில நீங்க யாருன்னு கேட்டாங்க. குடும்பம்னு டாக்டர் சொல்லிட்டா. மாத்தி மாத்தி உள்ள இருந்தோம். விழுங்க முடியாதுன்னு தண்ணி குடுக்கக் கூடாதுன்னாங்க. பஞ்சை நனைச்சு உதட்டத் துடைச்சுக்கிட்டே இருந்தோம். அம்மாகிட்டச் சொல்ல வேணாம், பயந்துடுவா, சரியானதும் நானே பேசறேன்னா. ரெண்டே நாள்தான். நினைவு இருந்த வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருந்தா. நர்ஸ் பேசாதன்னாங்க. அவ எங்க கேட்டா?"

அம்மா முக்காலியில் உட்கார்ந்து மஃப்ளரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அடக்கமாட்டாமல் அழுதார். ஆனால் அவன் பயந்துகொண்டிருந்த அழுகை இல்லை அது. ரொம்ப நாள் சுமந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அப்பா எழுந்தார். அவன் எதற்கும் தயாராக நின்றான்.

"நீயும் அவளும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"இல்ல சார். அப்படி எதுவும் இல்ல. எங்க எல்லாரையும் அவ திட்டுவா. நாங்க வாங்கிக்குவோம்."

அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் பொய் சொன்னாளே என்ற கோபம் அந்த முகத்தில் இல்லாமலில்லை. அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. கடைசியில், "நாற்காலில வச்சுத் தூக்கினது யாரு?" என்று கேட்டார்.

"நானும் மேஸ்திரியும் சார்."

"படி செங்குத்தா?"

"ஆமா சார். நடுவுல ஒரு திருப்பம் வேற."

"கனமா இருந்திருப்பா," என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மிஷின்மேல் கையை ஊன்றியபடி நின்றார். அப்படியே நின்றபடி சொன்னார். "நல்லவேளை, நீங்க இருந்தீங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது. அம்மாவின் போன், எப்போதும் வைத்துப் பேசுகிற இடத்தில், நூல் டப்பாவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. பேசுவதற்கு யாருமில்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு அதை அங்கே வைத்துவிடுவார் போலிருக்கிறது.

"அவங்களெல்லாம் இன்னும் அங்கயா இருக்காங்க?" என்று கேட்டார்.

"இருக்காங்கம்மா. பேசறீங்களா?"

அம்மா போனை எடுத்து, இவன் வரப்போவதைச் சொன்ன பெண்ணுக்கு, டாக்டருக்குத்தான், வீடியோவில் போட்டார். அடித்தது. எடுத்தாள். திரையில் டாக்டரின் முகம் வந்தது. அவளுக்குப் பின்னால் அதே வெள்ளைச் சுவர். வலது மூலையில் ஈரம் பட்டு மஞ்சளடித்திருந்த அதே இடம். அம்மா அந்த மூலையை விரலால் தொட்டார். வேறு ஒன்றும் தெரியவில்லை. ஒரு சத்தமும் இல்லை. கூப்பிடுவது யார் என்று பார்த்த உடனேயே அந்த வீடு தன் பழைய சட்டப்படி அடங்கிவிட்டது.

"நல்லா இருக்கீங்களாம்மா?" என்றாள் டாக்டர்.

"இருக்கேன். நீ மட்டும்தான் இருக்கியா?"

டாக்டர் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தாள்.

இவன் அம்மாவின் தோளுக்குப் பின்னால் குனிந்து திரைக்குள் முகத்தைக் காட்டினான். "சொல்லிட்டேன். எல்லாரும் வாங்க," என்றான்.

கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. அத்தனை நாள் பழக்கம், லேசில் விடுமா? பிறகு ஒரு ஓரத்தில் கரண்டி பிடித்த கை ஒன்று தெரிந்தது. கையைத் தொடர்ந்து மேஸ்திரி வந்தான். தரையில் குனிந்து பதுங்கியிருந்த பூனை, எதையோ மென்று விழுங்கிக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றான். மூன்று பேரும் குற்றவாளிகளைப் போல அந்தச் சுவருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். சுவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோயிற்று.

அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இத்தனை பேரா?" என்றார். "இத்தனை பேர் இருந்துமா சத்தம் போடாம இருந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்தாம்மா," என்றாள் டாக்டர். சொல்லிவிட்டு உடைந்து அழுதாள்.

"அழாத. அடுப்புல என்ன? தீயப் போகுது, போய்ப் பாரு. அந்தக் கடைசித் தம்பி, நீதானே சோப்போட நின்னது? வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசு. எல்லாரும் எப்பவும் இருக்கற மாதிரி இருங்க. நான் கேக்கணும்," என்றார் அம்மா.

அங்கே ஒரு பாத்திரம் விழுந்தது. யார் தள்ளியது என்று மேஸ்திரி கேட்டான். நான் இல்லை என்றான் பூனை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அப்பா ஜன்னலை விட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் குனிந்து, போனின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.